ரத்தம் எடுக்கும்போது தூக்கத்தையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரத்தப் பரிசோதனைக்குப் போகுமுன் கவனிக்க வேண்டியவை என்று சென்ற வாரம் உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி வந்திருந்தது. வெறும் வயிற்றில் போக வேண்டும், எடுத்துக்கொள்ளும் மாத்திரைகளைச் சொல்ல வேண்டும், கையை எளிதில் சுருட்டிவிடும்படி சட்டை போட்டுக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் பயனுள்ளதாகவே எழுதியிருந்தீர்கள். தூக்கம் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. லேபில் நாங்கள் நிரப்பும் படிவத்திலும் அது கிடையாது. 19 வருடமாக ரத்தம் எடுக்கும் வேலையில் இருக்கிறேன், அதில் பாதிக்கு மேல் நைட் டியூட்டி. அந்த ஒரு வரி ஏன் வேண்டும் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு நாள் காலை 7 மணி தாண்டி ஒரு தம்பி வந்து உட்கார்ந்தார். முப்பது வயது இருக்கும். எப்போதும் அசதி, எதிலும் பிடிப்பில்லை என்று மருத்துவரிடம் போயிருக்கிறார். வெறும் வயிற்று சுகர், தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச்., ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் மூன்றும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். வழக்கம்போல, "சாப்பிட்டு எவ்வளவு நேரமாச்சு தம்பி?" என்று கேட்டேன். "பத்து மணி நேரம் ஆச்சு மேடம்" என்றார். படிவத்தில் டிக் அடித்தேன். கையில் ரப்பரைக் கட்டி, நரம்பைத் தடவிப் பார்த்து ஊசியைப் போட்டாயிற்று. முதல் ட்யூப் பாதி நிறையும்போது அவருக்கு ஒரு கொட்டாவி வந்தது பாருங்கள், கையே ஆடிவிட்டது. ஊசியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ராத்திரி தூங்கலையா?" என்றேன். "எங்க மேடம், பன்னெண்டு நாளா நைட் ஷிஃப்ட். இப்ப நேரா அங்கிருந்துதான் வர்றேன். இனிமேதான் போய்ப் படுக்கணும்."

அதை எழுத படிவத்தில் இடமில்லை. ட்யூப்கள் மெஷினுக்குப் போய்விடும், எண்கள் வந்துவிடும். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் அச்சாகும் "இயல்பு அளவு" இரவில் தூங்கிக் காலையில் எழுந்து வருபவரை மனதில் வைத்தது. இவருக்கு அது காலையே இல்லை, இன்னும் முடியாத நேற்றைய நாள்.

அவர் கொடுத்த மூன்று ட்யூபையே எடுத்துக்கொள்வோம். ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் தூங்கத் தொடங்கியதும் ஏற ஆரம்பித்து விடியற்காலையை ஒட்டி உச்சத்தில் இருக்கும். பகலில் படிப்படியாகக் குறையும். அதனால்தான் காலை 10 மணிக்குள் ரத்தம் எடுக்கச் சொல்கிறோம். ஏறுவதற்குத் தூக்கம் வேண்டும். தூங்காமல் வந்தவரிடம் கடிகாரத்தைப் பார்த்து 7 மணிக்கு எடுத்து என்ன பயன்? சிகாகோ பல்கலைக்கழகத்தில் செய்த ஓர் ஆய்வு 2011-இல் வெளிவந்தது. ஆரோக்கியமான 10 இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு 5 மணி நேரம் மட்டுமே தூங்கவிட்டார்கள். பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்துபோனது. நம் தம்பிக்கு அளவு குறைவாக வந்தால், "உங்களுக்கு ஹார்மோன் குறைபாடு" என்று அவர் மனதில் பதிந்துவிடும். அந்த வயதுப் பையனுக்கு அது சின்ன விஷயமா?

அடுத்து டி.எஸ்.ஹெச். சாயங்காலத்தில் ஏறத் தொடங்கும் இந்த ஹார்மோனை அடக்கிவைப்பதில் தூக்கத்துக்குப் பங்கு உண்டு. ஒரு இரவு முழுக்கக் கண்விழித்தால் அந்தத் தடுப்பு இருக்காது, ஏறியது ஏறியபடி நிற்கும். சரி, அப்படியானால் தூங்காதவருக்கு வந்த எண்ணில் கொஞ்சம் குறைத்துப் பார்த்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். அதுவும் முடியாது. அதே சிகாகோ பல்கலைக்கழகத்திலிருந்து 1999-இல் வந்த இன்னொரு ஆய்வில், 11 இளைஞர்கள் தொடர்ந்து 6 இரவு 4 மணி நேரம்தான் படுக்கையில் இருந்தார்கள். அவர்களுக்கு டி.எஸ்.ஹெச். குறைந்திருந்தது. ஒரு நாள் விழித்தால் ஒரு பக்கம், பல நாள் அரைகுறையாகத் தூங்கினால் மறுபக்கம். இந்த இரண்டில் எது நடந்திருக்கிறது என்று தெரியாமல் ரிப்போர்ட்டைப் படிக்கிற மருத்துவர் என்ன செய்வார், பாவம்.

சுகரும் அந்த ஆய்வில்தான் வருகிறது. அந்த 11 பேருக்கும் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் நன்றாகவே குறைந்திருந்தது. சாயங்காலம் இறங்கியிருக்க வேண்டிய, மன அழுத்த ஹார்மோன் என்று சொல்லப்படும் கார்டிசால் இறங்காமல் இருந்தது. பிறகு அவர்களையே இரவுக்கு 12 மணி நேரம் படுக்கவிட்டுப் பார்த்தபோது எல்லாம் சரியானது. யாருக்கும் நோய் கிடையாது, எல்லோரும் திடமான இளைஞர்கள். மூன்று மாதச் சராசரி பார்க்கும் ஹெச்.பி.ஏ.1.சி. ஒரு ராத்திரி விழித்ததால் மாறிவிடாது, அந்தப் பயம் வேண்டாம். நான் சொல்வது அன்றன்று எடுக்கும் சுகரைப் பற்றி.

இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். என் உடம்பிலேயே நடந்த பிறகுதான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

ஆறு வருடத்துக்கு முன்பு எனக்கு மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. அப்போது தொடர்ந்து நைட் டியூட்டி. மருத்துவர், தாய்ப்பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் பார்க்கச் சொன்னார். வேலை செய்யும் இடத்திலேயே எடுத்துக்கொள்ளலாமே என்று நினைத்தேன். விடியற்காலையில் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. நாற்காலியை இரண்டாகச் சேர்த்துப்போட்டு ஒன்றரை மணி நேரம் அசந்து தூங்கிவிட்டேன். காலை டியூட்டிக்கு வந்த தோழி தட்டி எழுப்பினாள். "கையை நீட்டு, உன்னோடதை முதல்ல எடுத்துடறேன்." கண்ணைக் கசக்கிக்கொண்டே கையை நீட்டினேன். எழுந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

ரிப்போர்ட்டில் அளவு இயல்பைவிட அதிகம். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் சின்னக் கட்டி இருந்தாலும் புரோலாக்டின் ஏறும் என்று லேபில் இருக்கிற எவருக்கும் தெரியும். பத்து நாள் நான் நானாக இல்லை. தலைவலி வந்தால் கட்டி, கண் மங்கினால் கட்டி. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மருத்துவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டதே, "எப்ப தூங்கி எழுந்தீங்க, எப்ப எடுத்தாங்க?" என்றுதான். சொன்னேன். அவர் பொறுமையாக விளக்கினார். புரோலாக்டின் தூக்கத்தோடு ஏறுகிற ஹார்மோன். இரவில் தூங்கினாலும் பகலில் தூங்கினாலும் தூங்கும்போது ஏறும், எழுந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடும். எழுந்த கையோடு எடுத்தால் கூடுதலாகத்தான் காட்டும். பதற்றம் இருந்தாலும் ஏறும். "ரெண்டு நாள் லீவு போட்டு நல்லா தூங்குங்க, அப்புறம் ஒரு நாள் காலைல பதினோரு மணிக்கு எடுங்க" என்றார். எடுத்தேன். இயல்பாக இருந்தது.

அந்தக் கேள்வியை அவர் கேட்டார். கேட்டிருக்க வேண்டிய முதல் ஆள் ஊசியோடு நின்ற நாங்கள். தோழி மீது தப்பில்லை, எங்கள் இருவருக்குமே அது தோன்றவில்லை. படிவத்தில் இருந்திருந்தால் தோன்றியிருக்கும்.

இன்னொன்று, இது எனக்கு ரொம்ப நாளாக உறுத்துவது. வார்டில் அனுமதியாகியிருப்பவர்களுக்கு விடியற்காலை நாலரை மணிக்கே ரத்தம் எடுக்கப் போவோம். மருத்துவர் ரவுண்ட்ஸ் வருவதற்குள் ரிப்போர்ட் தயாராக இருக்க வேண்டும் என்பது காரணம். அறையின் டியூப்லைட்டைப் போடுவேன், தூங்குகிறவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு விழிப்பார். "ஒண்ணுமில்லைம்மா, ரத்தம் எடுக்கணும்" என்று கையைப் பிடிப்பேன். அதற்கு முன்பு பிரஷர் பார்க்க ஒருவர் வந்து போயிருப்பார், நான் போனதும் மாத்திரையோடு ஒருவர் வருவார். அவசரமான நோயாளிக்கு இது வேண்டியதுதான், அதில் பேச்சே இல்லை. ஆனால் எல்லோரும் அவசரமா?

2008-இல் வந்த ஓர் ஆய்வைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என் வார்டுதான் ஞாபகம் வருகிறது. ஆரோக்கியமான இளைஞர்கள் 9 பேரை மூன்று இரவு தூங்கவைத்தார்கள். ஆழ்ந்த தூக்கத்துக்குள் போகும்போதெல்லாம் ஸ்பீக்கரில் ஒரு சத்தம். விழித்துக்கொள்ளும் அளவுக்குச் சத்தமில்லை, ஆழத்திலிருந்து மேலே கொண்டுவரும் அளவுக்கு மட்டும். மொத்தம் தூங்கிய நேரம் குறையவே இல்லை. மூன்றே இரவில் இன்சுலினுக்கு உடம்பு கொடுக்கும் பதில் சுமார் 25 சதவீதம் குறைந்துவிட்டது. எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தார் என்பதால் ஒருவர் தூங்கினார் என்று ஆகிவிடாது. மூன்று நாள் வார்டில் இருந்தவருக்குச் சுகர் ஏறினால் நோயை மட்டும் பார்க்கிறோம், நாம் போட்ட லைட்டையும் பார்க்க வேண்டாமா? கார்டிசாலும் அப்படித்தான். நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்தில் இருந்து, பின்னிரவில் ஏறத் தொடங்கி, எழுந்து அரை மணி முக்கால் மணி நேரத்துக்குள் இன்னும் ஒரு ஏற்றம் ஏறும். யாரை எப்போது எழுப்பினோம் என்று குறித்து வைக்காமல் அந்த எண்ணை எப்படி நம்புவது?

பெற்றோர் சிலர் பிள்ளையை அழைத்து வந்து, "உயரம் போதலை, வளர்ச்சி ஹார்மோன் எவ்வளவு இருக்குன்னு ரத்தத்துல பாருங்க" என்பார்கள். பகலில் சும்மா எடுத்துப் பார்த்தால் அந்த ஹார்மோன் பெரும்பாலும் இருப்பதே தெரியாது. அது அலை அலையாக வருவது. பெரிய அலை, படுத்துத் தூங்கி முதல் ஆழ்ந்த தூக்கம் பிடிக்கும்போது வரும். ஒரு மணிக்குப் படுத்தால் அலையும் அதற்குப் பிறகுதான். 1960-களிலேயே கண்டுபிடித்துவிட்ட விஷயம் இது. அதைச் சோதிக்க மருத்துவர் மேற்பார்வையில் தனி முறை இருக்கிறது. நான் அந்தப் பிள்ளையிடம், "எத்தனை மணிக்குடா படுப்பே?" என்று கேட்பேன். பதில் பெரும்பாலும் அம்மாவிடமிருந்து பெருமூச்சாக வரும்.

பசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நைட் டியூட்டியில் இருப்பவர்களுக்கு வருகிற பசியை வாய்க்கொழுப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. 2004-இல் 12 இளைஞர்களை வைத்துச் செய்த ஆய்வில், இரண்டு இரவு 4 மணி நேரமே தூங்கியபோது, 10 மணி நேரம் தூங்கியபோது இருந்ததைவிட, போதும் என்று சொல்கிற லெப்டின் 18 சதவீதம் குறைந்து, பசியைக் கிளப்புகிற கிரெலின் 28 சதவீதம் கூடியிருந்தது. பின்னால் வந்த எல்லா ஆய்வுகளிலும் இதே அளவில் மாறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் தூக்கம் குறைந்தால் சாப்பாடு கூடுகிறது என்பது திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. எடை கூடிவிட்டது என்று தைராய்டு பார்க்க வருகிற என் சக பணியாளர்களிடம் நான் முதலில் கேட்பது ஷிஃப்ட் சார்ட்டைத்தான்.

என் கோரிக்கை பெரிதாக ஒன்றுமில்லை. ஹார்மோன் பரிசோதனைக்கான ஒவ்வொரு படிவத்திலும் "வெறும் வயிறு" கட்டத்துக்குக் கீழே ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். நேற்று எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், ஷிஃப்ட் வேலையா. இந்த மூன்றும் போதும். எழுத அரை நிமிடம் ஆகாது. அவசரமில்லாத வார்டு நோயாளிகளின் ரத்தத்தை, அவர்கள் தாமாக விழித்த பிறகு எடுக்கும்படி ரவுண்ட்ஸ் நேரத்தைக் கொஞ்சம் தள்ளிவைக்க முடியுமா என்று மருத்துவமனைகளை நடத்துபவர்கள் யோசிக்க வேண்டும். நான் என் இடத்தில் கேட்டுப் பார்த்தேன். "படிவத்தை எல்லாம் மாத்த முடியாதும்மா" என்று பதில் வந்தது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். நாளிதழில் வந்தால் கேட்பார்கள்.

அதுவரை வாசகர்களே சொல்லலாம். கையை நீட்டும்போது, "நான் ராத்திரி தூங்கலை, நைட் ஷிஃப்ட்ல இருந்து வர்றேன்" என்று ரத்தம் எடுப்பவரிடம் சொல்லுங்கள். அவர் எழுதிக்கொள்ளவில்லை என்றால் மருத்துவரிடம் ரிப்போர்ட்டைக் காட்டும்போது சொல்லுங்கள். அவசரமில்லாத பரிசோதனையா, எப்போது எடுத்தால் சரியாக இருக்கும் என்று அவரிடமே கேட்டு, நன்றாகத் தூங்கிய நாளாகப் பார்த்து வாருங்கள்.

அந்தத் தம்பியின் படிவத்தில் கையெழுத்துக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு விரல்கடை இடத்தில், "இரவு தூங்கவில்லை, 12 நாளாக நைட் ஷிஃப்ட்" என்று பேனாவால் எழுதி அடிக்கோடு போட்டு அனுப்பினேன். அன்றிலிருந்து எல்லோருக்கும் அப்படித்தான் எழுதுகிறேன். உங்கள் அடுத்த பெட்டிச் செய்தியில் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு லேப் டெக்னீஷியன்