ஒன்பதாம் மாதம் என்பது ஒற்றைப் பிள்ளைக்கு வைத்த கணக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் அம்மா வாங்கிக்கொள்கிறாள், அவளிடமிருந்து பெரியம்மா வாங்கிக்கொள்கிறார், நான் சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகிறது. அதனால்தான் கடிதம். மாப்பிள்ளைக்கும் படிக்கக் கொடு.

இரட்டைப் பிள்ளையைச் சுமந்துகொண்டு பெங்களூரிலிருந்து பிரசவத்துக்கு ஊருக்கு வரட்டுமா என்று நீ கேட்டதிலிருந்து இங்கே ஆளுக்கொரு பதில். புரட்டாசியில் ஏழாம் மாத வளைகாப்பை பெங்களூரில் முடித்துக் கையோடு அழைத்து வந்துவிடலாம் என்கிறாள் அம்மா. புரட்டாசியில் என்ன விசேஷம், கார்த்திகையில் ஒன்பதாம் மாதத்தில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார் பெரியம்மா. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் சண்டையே இல்லை.

என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். பிரசவத்துக்கு வராதே. எங்களைப் பார்க்க வேண்டும்போல் இருந்தால் ஆவணியில் வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போ. அதுவும் உன் டாக்டர் சரி என்றால்தான்.

ஒன்பதாம் மாதம் என்பது ஒற்றைப் பிள்ளைக்கு வைத்த கணக்கு. இரட்டையில் பாதிக்கு மேல் 37 வாரம் முடியும் முன்பே பிறந்துவிடுகின்றன. நீ அனுப்பிய ஸ்கேன் ரிப்போர்ட்டில் டி.சி.டி.ஏ. என்று போட்டிருந்தது. இரண்டுக்கும் தனித்தனி நச்சுக்கொடி, அந்த மட்டில் நிம்மதி. ஒரே நச்சுக்கொடி என்றால் பதினாறாம் வாரத்திலிருந்தே இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன் பார்க்க வேண்டியிருக்கும், பயணப் பேச்சே எழாது. ஆனால் உன்னை மாதிரித் தனித்தனி நச்சுக்கொடியாக இருந்து, எல்லாம் நல்லபடியாகப் போனாலும், 37, 38 வாரத்தில் பிரசவம் பார்த்துவிடுவார்கள். உனக்குச் சொன்ன தேதி டிசம்பர் கடைசி. அதற்கும் முன்பே வரலாம் என்பதால் நீ நவம்பர் என்று வைத்துக்கொள். பெரியம்மாவின் கார்த்திகை வளைகாப்புக்குப் பிள்ளைகளே நேரில் வந்து உட்கார்ந்திருந்தாலும் இருப்பார்கள்.

ஐப்பசியும் கார்த்திகையும் நம்ம பக்கம் எப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது மன்னார்குடி அத்தை வீட்டுத் தெரு என்ன ஆயிற்று? மரமும் மின்கம்பமும் குறுக்கே விழுந்து, டூவீலர்கூட நுழைய முடியவில்லை. எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தார்கள்! வருஷா வருஷம் புயல் அடிக்காதுதான். ஆனால் வருஷா வருஷம் மழை உண்டு. 108-க்குப் போன் போட்டால் வண்டி வரும். அந்த வண்டி தஞ்சாவூர் போய்ச் சேர வேண்டுமே, எனக்கு அதுதான் கவலை.

ஏன் தஞ்சாவூர் என்கிறாயா? பக்கத்திலேயே கும்பகோணம் இருக்கிறது, ஆஸ்பத்திரிக்கும் குறைவில்லை. ஆனால் 30, 31 வாரத்தில் பிள்ளைகள் பிறந்துவிட்டால் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சையில் ஒரே நேரத்தில் இரண்டு இடம் வேண்டும். ஒரு இடம் இருக்கிறது என்று ஒரு பிள்ளையை இங்கேயும் இன்னொன்றை வேறு ஊரிலும் வைத்துவிட்டு, தையல் போட்ட வயிற்றோடு நீ எந்தப் பக்கம் ஓடுவாய்? இங்கே என்றால் தஞ்சாவூர் ராஜா மிராசுதார் ஆஸ்பத்திரியைத்தான் நான் நினைப்பேன். நம்ம வீட்டிலிருந்து நல்ல நாளிலேயே ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. உனக்கு அங்கே ஆஸ்பத்திரி கால் மணி நேரத்தில். டாக்டரும் ஆரம்பத்திலிருந்து பார்க்கிறவர், கேஸ் முழுக்க அவர் கையில் இருக்கிறது.

"குலுங்கினால் வலி எடுத்துவிடும்" என்று பெரியம்மா சொல்வதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. மேடு பள்ளத்தில் வண்டி குலுங்குவதால் பிரசவ வலி வருவதில்லை. வலி அதுபாட்டுக்கு வரும். அந்த நேரம் நீ எங்கே இருக்கிறாய் என்பதுதான் விஷயம். மயிலாடுதுறை ரயிலில் சேலம் தாண்டி, கரூர் வராமல், நடுராத்திரியில் பனிக்குடம் உடைந்தால் என்ன செய்வாய்? அதே பெரியம்மாதான், "நாங்களெல்லாம் மாட்டு வண்டியில் போய்ப் பெற்றவர்கள்" என்றும் சொல்கிறார். மாட்டு வண்டியில் போய்த் திரும்பாதவர்களைப் பற்றி அவர் சொல்வதில்லை.

ஆவணிக்கு வருகிறாய் என்றால் எப்படி வருவது என்று சொல்கிறேன். ரிசர்வேஷன் கவுண்டரில் உட்கார்ந்தே காலம் தள்ளியவன், இதையாவது உருப்படியாகச் சொல்ல வேண்டும். கர்ப்பிணிக்கு லோயர் பெர்த் கோட்டா உண்டு, ஆனால் பெர்த் கிடைப்பது பெரிய காரியமில்லை. ராத்திரி நாலு தடவை எழுந்து போக வேண்டியிருக்குமே, அதைத்தான் யோசிக்கிறேன். வண்டி வளைவில் சாய்கிற நேரம், பாத்ரூம் தரை முழுக்கத் தண்ணீர், அந்த இரும்புக் கதவு ஒரு பக்கம் உன்னைத் தள்ளும், பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, அதுவும் ஈரம். இரட்டை வயிற்றோடு அங்கே நீ நிற்பதை என்னால் நினைக்க முடியவில்லை. மாப்பிள்ளை கூட வந்தாலும் கதவுக்கு வெளியேதானே நிற்பார்.

அதனால் விமானத்தில் வா. பெங்களூரிலிருந்து திருச்சிக்கு ஒரு மணி நேரம்தான், அங்கே நான் காரோடு நிற்கிறேன். ஒற்றைப் பிள்ளை என்றால் 36 வாரம் வரை ஏற்றுகிறவர்கள், இரட்டை என்றால் பொதுவாக 32 வாரத்தோடு நிறுத்திவிடுவார்கள். 28 வாரம் ஆனால் பெரும்பாலும் டாக்டர் சர்ட்டிபிகேட் கேட்பார்கள். உனக்கு இப்போது 20 வாரம், ஆவணியில் 22, 24 ஆகும். அந்தக் கட்டத்தில் தொந்தரவு இல்லை. காரில் பெல்ட்டை வயிற்றுக்கு மேலே போடாதே, கீழ்ப் பட்டை அடிவயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பில் படியட்டும், மேல் பட்டை மார்புக்கு நடுவே வரட்டும். செங்கிப்பட்டிப் பக்கம் ஒரு தடவை, தஞ்சாவூரில் ஒரு தடவை இறங்கி நடக்க வேண்டும். கர்ப்பத்தில் ரத்தம் கட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம், இரட்டை என்றால் இன்னும் அதிகம், கால் ஒரே இடத்தில் தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது. பைல் முழுவதையும் கைப்பையில் வை, பெட்டியில் போடாதே.

வெள்ளிக்கிழமை ஸ்கேனில் கர்ப்பப்பை வாயின் நீளத்தையும் அளக்கச் சொல். 25 மி.மீ.க்குக் கீழே என்றால் ஆவணிப் பயணமும் கிடையாது. பி.பி. ஏறினாலும் கிடையாது. தலைவலி, கண் மங்கல், தண்ணீர் கசிவு, ரத்தம், வயிறு விட்டுவிட்டு இறுகுவது, இதில் எது வந்தாலும் எங்களுக்குப் போன் போடுவதற்கு முன் டாக்டருக்குப் போடு. அம்மா கோபித்துக்கொள்ள மாட்டாள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

இங்கேதான் பெற வேண்டும் என்று உனக்கே ஆசை இருந்தால் அதையும் மறைக்காமல் சொல். அப்படியானால் ஏழாம் மாதம்வரை காத்திருக்காமல் ஆவணியிலேயே ஒரேயடியாக வந்துவிடு. தஞ்சாவூரிலேயே ஒரு வீடு பிடித்து அங்கேயே இருக்கலாம். கர்ப்பத்தைப் பதியும்போது அரசு தருகிற ஆர்.சி.எச். எண்ணையும் இங்கே பதிந்துவிட வேண்டும், பிறப்புச் சான்றிதழுக்குக் கேட்பார்கள். முடியாத காரியம் இல்லை. பாதியில் வருவதுதான் வேண்டாம் என்கிறேன்.

அம்மாவிடம் பேசிவிட்டேன். முதல் நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஊரார் என்ன சொல்வார்கள் என்றாள், சம்பந்தி வீட்டில் பிள்ளை பெறுவதா என்றாள். மறுநாள் பார்த்தால் எந்தப் பாத்திரத்தை பெங்களூருக்கு எடுத்துப் போவது என்று பரணில் ஏறிவிட்டாள். வளைகாப்பை அங்கேயே வைத்துக்கொள்ளலாம். சம்பந்தி அம்மாவிடம் நானே பேசுகிறேன், அவர் மறுக்க மாட்டார். அம்மா அப்படியே தங்கிவிடுவாள். திருக்கருகாவூர் அம்மன் கோயிலுக்குப் போய், சுகப்பிரசவத்துக்குத் தருகிற விளக்கெண்ணெய் வாங்கி வந்தாயிற்று, அதையும் கொண்டு வருவாள். பெரியம்மாவிடம் ஒரு சீப்பில் இரட்டைப் பழம் அகப்பட்டதாம், நீ அன்றைக்குத் தின்றதுதான் காரணம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார், விட்டுவிடு.

நான் உடனே வர முடியாது. ஆடிப்பெருக்கு முடிந்து குடமுருட்டியில் தண்ணீர் நன்றாகவே போகிறது, சம்பா நாற்றங்கால் போட்டாயிற்று, ஐப்பசிக் களையெடுப்பு வரை ஆள் வேண்டும். பிள்ளைகள் பிறந்த தகவல் வந்ததும் வயலை உன் சித்தப்பா பார்த்துக்கொள்வார்.

அம்மாவுக்குப் புரட்டாசிக் கடைசி வாரத்துக்கு டிக்கெட் போட வேண்டும். 60 நாளுக்கு முன்தான் திறக்கும், தீபாவளிக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும், திறந்த அன்றே போட்டால்தான் உண்டு. வெள்ளிக்கிழமை டாக்டர் என்ன சொன்னார் என்று சாயங்காலமே கூப்பிடு, மாப்பிள்ளையும் லைனில் இருக்கட்டும். ஆவணிக்கு வருகிறாயா இல்லையா என்பது தெரிந்தால் அம்மாவின் டிக்கெட்டோடு சேர்த்து உன் விமான டிக்கெட்டையும் பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா