எண் போட்ட நான்கு பாட்டில்கள்

எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் பந்தயக் குதிரையின் குட்டி நன்றாக இருக்கிறாள். பலரும் கேட்டது இதைத்தான், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இன்றோடு பன்னிரண்டு நாள். செவிலித்தாயின் மடியை முட்டி முட்டிக் குடிக்கிறாள், வயிறு நிறைந்ததும் வைக்கோலில் காலை நீட்டிப் படுத்துவிடுகிறாள். தாயைப் பற்றி உங்களுக்கெல்லாம் தெரியும். அவள் ஓடிய பந்தயங்களும் தெரியும், குட்டியை ஈன்று அவள் எங்களை விட்டுப்போன அந்த இரவும் தெரியும். அதை மறுபடி எழுதக் கை வரவில்லை. இந்த மடல் அதற்கு அடுத்த ஆறு மணி நேரத்தைப் பற்றியது. அதிலும் பெரும்பகுதி, பெயரைப் போடவே கூடாது என்று சொல்லிவிட்ட ஒருவருக்கு.

அவரிடமே பேசுகிறோம். நீங்கள் கொண்டுவந்தது ஓர் ஐஸ் பெட்டி. உள்ளே ஈரத்துண்டில் சுற்றிய நான்கு பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் 250 மில்லி உறைந்த சீம்பால். நாங்கள் கேட்டிருந்தது வேறு இரண்டு பண்ணைகளிடம். உங்கள் காதுக்கு எப்படி எட்டியது என்று இன்னும் தெரியாது. பெட்டியைக் கொட்டில் வாசலில் வைத்துவிட்டு, "மூடியைப் பார்த்துக் கொடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிவிட்டீர்கள்.

மூடியைப் பார்த்தோம். ஒவ்வொன்றிலும் மார்க்கரில் ஓர் எண்: 1, 2, 3, 4. பாட்டிலின் பக்கத்தில் வெள்ளை டேப் ஒட்டி, அதில் குட்டி எழுத்தில் ஐந்து வரி. கறந்த தேதி. எந்தக் குதிரை, அதற்கு எத்தனையாவது ஈற்று. பிரிக்ஸ் அளவு, அதாவது சீம்பாலின் அடர்த்தியைக் காட்டும் எண். ரத்த எதிர்ப்பொருள் சோதனை செய்ததா, முடிவு என்ன. கடைசி வரி நான்கிலும் ஒன்றுதான்: "37 டிகிரி தண்ணீர். மைக்ரோவேவ் வேண்டாம்." எண்களுக்கு என்ன அர்த்தம் என்று புரியச் சற்று நேரம் பிடித்தது. பிரிக்ஸ் 28 உள்ளதற்கு 1, 26-க்கு 2, பிறகு 25, கடைசியில் 23. எதை முதலில் கொடுக்க வேண்டும் என்ற வரிசை அது.

குதிரை வளர்ப்பவர்களுக்கு இந்த வரிசையின் மதிப்பு சொல்லாமலே புரியும். பந்தயம் பார்க்க மட்டும் வருபவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறோம். குதிரையின் நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் எதிர்ப்பொருள்கள், அதாவது நோயை எதிர்த்து நிற்கும் புரதங்கள், குட்டிக்குப் போவதில்லை. மனிதக் குழந்தை கருவிலேயே வாங்கிக்கொள்வதைக் குதிரைக்குட்டி பிறந்த பிறகு சீம்பாலில்தான் வாங்க வேண்டும். அந்தப் பெரிய புரதங்களைக் குடல் அப்படியே ரத்தத்துக்குள் விடுவது முதல் நாள் மட்டும். முதல் ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் நன்றாக விடும், பிறகு மணிக்கு மணி குறைந்து, 24 மணி நேரத்தில் கதவு மூடிவிடும். அதற்குள் நல்ல சீம்பால் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் உள்ளே போயாக வேண்டும். புதிதாகப் பிறந்த குட்டியின் வயிறோ ஒரு வேளைக்கு 250, 300 மில்லிதான் தாங்கும். ஆகவே அடர்த்தி அதிகமுள்ளது முதலில் போக வேண்டும். கதவு அகலமாகத் திறந்திருக்கும்போது 28 போனது, கொஞ்சம் சாத்தியபோது 23 போனது. இதை மாற்றிக் கொடுத்திருந்தால் அதே ஒரு லிட்டர்தான், பலன் குறைந்திருக்கும். ராத்திரி ஒரு மணிக்கு எவருக்கும் இந்தக் கணக்கு ஓடாது என்று தெரிந்து, நீங்களே போட்டு அனுப்பியிருக்கிறீர்கள்.

தாயிடம் சீம்பால் ஏன் இல்லை என்று சிலர் கேட்டார்கள். அவளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே மடியிலிருந்து சொட்ட ஆரம்பித்துவிட்டது. அப்படிச் சொட்டிப் போவது சீம்பால்தான். ஒரு சினைக்கு ஒருமுறைதான் அது ஊறும், போனால் பால்தான் வரும். குட்டி விழுந்தபோது கறந்து பார்த்ததில் பிரிக்ஸ் 11. 20-க்குக் கீழே இருந்தாலே வேறு ஏற்பாடு தேட வேண்டும்.

எங்கள் உறைபெட்டியிலும் ஒரு பாட்டில் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த நன்றி பாதிப் பொய்யாகிவிடும். அதில் தேதி இல்லை, குதிரையின் பெயர் இல்லை. ஒன்றரை வருடம் தாண்டியதா, போன பருவத்ததா என்று சொல்ல ஆளில்லை. போதாக்குறைக்கு அந்தப் பெட்டி தானாகவே பனி உருக்கும் வகை. அவ்வப்போது லேசாகச் சூடேறி மறுபடி உறையும், பல மாதம் வைக்கும் பொருளுக்கு அது ஆகாது. எல்லாவற்றையும்விட, எந்தக் குதிரையின் சீம்பால் என்று தெரியாமல் கொடுப்பதில் இன்னோர் ஆபத்து இருக்கிறது. சில பெண் குதிரைகளின் சீம்பாலில், குட்டியின் சிவப்பணுக்களையே தாக்கும் எதிர்ப்பொருள்கள் இருக்கும். பல ஈற்று ஆனவை, முன்பு ரத்தம் ஏற்றப்பட்டவை என்றால் சந்தேகம் அதிகம். துள்ளிக்கொண்டு பிறந்த குட்டி அதைக் குடித்துவிட்டு, அடுத்த ஓரிரு நாளில் சோர்ந்து, ஈறும் கண்ணும் மஞ்சளித்துப் படுத்துவிடும். அதனால்தான் உங்கள் டேப்பின் நான்காவது வரியைப் படித்ததும் டாக்டர் மூச்சு விட்டார்.

அப்போதும் அவர் அப்படியே கொடுக்கவில்லை. தொப்புள்கொடியில் எடுத்து வைத்த குட்டியின் ரத்தத்தோடு ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் சில சொட்டு எடுத்துச் சேர்த்துப் பார்த்தார். சீம்பாலை உப்புநீரில் இரண்டு மடங்கு, நான்கு, எட்டு, பதினாறு என்று நீர்க்கவைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு ரத்தம். நீர்க்காத சீம்பாலின் பிசுபிசுப்பிலேயே ரத்தம் ஒட்டிக்கொண்டதுபோலத் தெரியும், அதை நம்பக் கூடாது. பதினாறு மடங்கு நீர்த்த பிறகும் திரண்டு அடியில் ஒட்டினால் அந்தப் பாட்டில் வேண்டாம். நான்கிலும் திரளவில்லை.

உருக்கியதும் நீங்கள் எழுதியபடியேதான். வாளியில் 37 டிகிரி தண்ணீர், தெர்மாமீட்டர் உள்ளேயே, ஆறும்போது கொஞ்சம் கொஞ்சமாக வெந்நீர் சேர்த்தோம். ஒரு பாட்டில் உருக அரை மணி. கொதிநீரில் போட்டால் ஐந்து நிமிடத்தில் உருகும், எதிர்ப்பொருளும் வெந்துவிடும். மைக்ரோவேவில் ஓரம் கொதிக்கும், நடு உறைந்தே இருக்கும்.

இன்னொன்றையும் பெட்டியின் மூலையில் வைத்திருந்தீர்கள், ஆட்டுக்குட்டிக்குப் பால் புகட்டும் நிப்பிள் இரண்டு. கன்றுக்குட்டி நிப்பிள் குதிரைக்குட்டியின் வாய்க்குப் பெரிது, ஓட்டையும் பெரிது. பாட்டிலைக் கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், தாரையாக ஊற்றக் கூடாது. தாரையாக ஊற்றினால் குட்டி விழுங்கி முடிப்பதற்குள் அடுத்த வாய் வந்து மூச்சுக்குழாயில் இறங்கும், மூக்கில் பால் வழியும், இரண்டாம் நாள் நிமோனியா. உங்கள் நிப்பிள்களைக் கவிழ்த்துப் பார்த்தோம். சொட்டுச் சொட்டாகத்தான் விழுந்தது.

குட்டியைப் பக்கவாட்டில் சாயவிடாமல், நெஞ்சு தரையில் படும்படி உட்காரவைத்து, பாட்டிலை அதன் கண்மட்டத்துக்கு மேலே தூக்காமல், தாயின் மடிக்கு நீட்டுவதுபோலத் தலையை நீட்டவைத்துக் கொடுத்தோம். முதல் பாட்டில் பிறந்து ஒன்றே முக்கால் மணி நேரத்தில். பாதியில் நின்று, நாக்கைச் சுருட்டி நிப்பிளை அவளே மறுபடி இழுத்தாள். சப்பும் பலம் இருந்ததால் மூக்குவழிக் குழாய் தேவைப்படவில்லை. ஆறாவது மணிக்குள் நான்காவது பாட்டிலும் காலி.

மறுநாள் 24 மணி நேரத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் எதிர்ப்பொருள் அளவு டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. 400-க்குக் கீழே என்றால் எதிர்ப்பொருள் உள்ள பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) ஏற்றியே ஆக வேண்டும். இடையில் இருந்தால் குட்டியின் நிலையைப் பார்த்து முடிவு. பிளாஸ்மா தயாராக இருந்தது, திறக்கவில்லை.

மற்றவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். தூங்காமல் இருந்த டாக்டருக்கும், அவருடன் வந்த உதவியாளருக்கும். பிளாஸ்மாவைக் கேட்டதும் அனுப்பி, திருப்பிக் கொடுத்தபோது ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டவர்களுக்கு. இரவு முழுக்கக் குட்டியைத் தாங்கிப் பிடித்த, குதிரைகளைப் பராமரிக்கும் சைஸ்களுக்கு. தன் குட்டியை நான்காம் நாள் இழந்த குதிரையைச் செவிலித்தாயாகத் தந்த குடும்பத்துக்கு. தன் குட்டியாக அவள் ஏற்றுக்கொள்ள, அவளுடைய சாணத்தையும் வியர்வையையும் எங்கள் குட்டியின் முதுகில் தடவி, அவள் மூக்கில் தைலம் பூசி, முதல் நாள் முழுக்கக் கயிற்றை விடாமல் நின்ற அந்தப் பெரியவருக்கு. மூன்றாம் நாள் அவள் குட்டியைக் கூப்பிட்டுக் கனைத்தபோது அவர் ஒன்றும் பேசாமல் கயிற்றை அவிழ்த்துவிட்டு வெளியே போனார். செய்தி அனுப்பிய எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் போட முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த நாட்களில் அர்பன் சீ என்ற பெண் பந்தயக் குதிரையின் நினைவு அடிக்கடி வந்தது. 1993-இல் பாரிஸின் ஆர்க் த ட்ரியோம்ஃப் பந்தயத்தை ஒரு கழுத்து நீளத்தில் ஜெயித்தவள். அன்று அவள்மேல் பணம் கட்டியவர்கள் குறைவு, ஒன்று கட்டினால் 37 கிடைக்கும் விலை. ஆனால் அவளை உலகம் நினைப்பது அந்தப் பந்தயத்துக்காக மட்டும் இல்லை. 2001-இல் இங்கிலாந்தின் டெர்பி பந்தயத்தை ஜெயித்த கலிலியோ அவள் மகன், 2009-இல் டெர்பி ஜெயித்த சீ த ஸ்டார்ஸும் அவள் மகன். அந்த 2009 மார்ச்சில், சீ த ஸ்டார்ஸ் கிளாசிக் எனப்படும் பெரும் பந்தயம் ஒன்றை முதல்முறை ஜெயிப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, குட்டி போட்ட பிறகு ஏற்பட்ட ரத்தப்போக்கில் அவள் போய்விட்டாள். விட்டுப்போன அந்தக் குட்டிதான் பார்ன் டு சீ. 2012 ஐரிஷ் டெர்பியில் இரண்டாவதாக வந்தான்.

கலிலியோ பிரிட்டன், அயர்லாந்தின் முதன்மைப் பொலிகுதிரையாக 12 முறை வந்தான். ஆண் குதிரை ஒரு பருவத்தில் நூறுக்கு மேல் பெண் குதிரைகளோடு சேரும். பெண் குதிரைக்குச் சினைக்காலமே ஏறக்குறைய 340 நாள், வருடத்துக்கு ஒன்று கிடைத்தாலே அதிர்ஷ்டம். மற்ற இனங்களில் கருவை எடுத்து வாடகைத்தாய்க்கு வைத்து வருடத்தில் பல குட்டி வாங்கலாம். பந்தயக் குதிரை இனமான தரோபிரெட்டின் பதிவேட்டில் அதற்கு இடமில்லை, செயற்கைக் கருவூட்டலுக்கும் இல்லை. எவ்வளவு பெரிய சாம்பியனாக இருந்தாலும் தானே சுமந்து தானே ஈன வேண்டும். தொடர்ந்து 33 பந்தயம் ஜெயித்த ஆஸ்திரேலியப் பெண் குதிரை வின்க்ஸுக்கே 2020-இல் முதல் குட்டி தக்கவில்லை. 2022-இல் பிறந்த பெண் குட்டி, 2024-இல் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு ஏலம் போனது. இருப்பது ஒன்று என்றால் அதற்குத்தான் அந்த விலை.

அர்பன் சீயின் மகள்களை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. மெலிகா 2000-இல் பெண் குதிரைகளுக்கான ஓக்ஸ் பந்தயத்தில் மூன்றாவது, ஜெயிக்கவில்லை. ஆனால் அவளுடைய பேத்தியின் மகன் மசார் 2018 டெர்பியை ஜெயித்தான். அவனுடைய அப்பா நியூ அப்ரோச்சோ கலிலியோவின் மகன். மகன் வழியும் மகள் வழியும் சுற்றிவந்து அதே பாட்டியிடம் முடிகின்றன. எங்கள் குட்டி பெண் என்று தெரிந்ததும் கொட்டிலில் எல்லோரும் அமைதியானதற்குக் காரணம் அதுதான்.

வம்சாவளிப் பட்டியலில் தாயின் பெயர் வரும், தாயின் தாய் வருவாள். முதல் பாட்டில் யாருடையது என்று எழுத அங்கே கட்டம் இல்லை. அந்த 28 பிரிக்ஸ், நீங்கள் டேப்பில் எழுதிய பெயரை வைத்துத் தேடிப் பார்த்தால், ஒரு பந்தயமும் ஜெயிக்காத ஒரு வயதான குதிரையுடையது. ஐந்தாவது ஈற்று.

இனி இங்கே ஆரோக்கியமாக ஈனும் ஒவ்வொரு குதிரையிடமும், அதன் குட்டி வயிறாரக் குடித்த பிறகு, ஒரு பக்கக் காம்பிலிருந்து 250 மில்லி எடுப்போம். மடியைக் கழுவித் துடைத்து, சல்லடைத் துணியில் வடித்து, பிரிக்ஸ் 23-க்குக் கீழ் என்றால் வைக்காமல், மைனஸ் 20-இல், ஒன்றரை வருடத்துக்கு மேல் வைக்காமல். டேப்பில் ஐந்து வரி. யார் எந்நேரம் கேட்டாலும் எடுத்துப் போகலாம்.

ஐஸ் பெட்டியும் நான்கு பாட்டில்களும் கழுவிக் காயவைத்திருக்கிறோம், இந்த வாரம் திருப்பிக் கொண்டுவருகிறோம். முந்தாநாள் இங்கே இன்னொரு குதிரை ஈன்றது, எல்லாம் நல்லபடி. அதனால் மூன்று பாட்டில்தான் காலியாக வரும். நான்காவதில் பிரிக்ஸ் 26. ரத்த எதிர்ப்பொருள் சோதனை முடிவு நாளைக் காலை வரும், அந்த வரியை மட்டும் இன்னும் எழுதவில்லை.