எதை விட வேண்டும், மாஸ்டர்?

குமரி மாவட்டத்து டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்களுக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர்களுக்கும்,

வணக்கம். எனக்கு வயது 29, ஊர் தக்கலை பக்கம். ஆட்டிசம் உள்ளவள். முதல் எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) 6 மாதம் முடிந்து காலாவதியாகி, இப்போது இரண்டாவது எடுத்துக் கார் பழகுகிறேன். பேருந்தில் போனால் ஹார்ன், பாட்டு, நெரிசல் எல்லாம் சேர்ந்து, வேலைக்குப் போய்ச் சேரும் முன்பே எனக்குத் தெம்பு தீர்ந்துவிடும். ஆசைக்காகக் கார் பழகவில்லை.

முதல் தடவை ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். நான்காம் நாள், நாகர்கோவில் பார்வதிபுரம். மாஸ்டர் “விடு” என்றார். கிளட்சை விட்டேன். “விடு பிள்ளே, விடு” என்றார். வண்டியை முன்னே விடச் சொல்கிறார் என்று ஆக்சிலேட்டரை மிதித்தேன். அவர் சொன்னது, வலப்பக்கம் ஏறி வந்த பேருந்துக்கு வழி விட. காதுக்குள்ளேயே ஹார்ன் அடித்தது. அவர் தன் பக்கத்துப் பிரேக்கை மிதிக்க, வண்டி அணைந்துபோனது. ஸ்டியரிங்கிலிருந்து என் விரலைப் பிரிக்க முடியவில்லை. “காது கேக்காதா?” என்றார்.

கேட்டது, மாஸ்டர். எல்லா ‘விடு’வும் கேட்டது. எதை விட வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. மற்றவர்கள் ரோட்டையும் உங்கள் கையசைவையும் பார்த்து அர்த்தம் பிடித்துக்கொள்வார்கள். எனக்கு நீங்கள் சொல்லும் சொல்தான் எல்லாம்.

அப்புறம் அக்காதான் சொல்லித் தந்தாள். ஒரு காரியத்துக்கு ஒரே சொல் என்று முதலில் பேசி வைத்துக்கொண்டோம்: ‘கிளட்ச் மேலே’, ‘போ’, ‘நில்’, ‘வழி கொடு’. திருப்பம் வரும் முன்பே சொல்லிவிடுவாள். காலை ஐந்தரைக்குத் தக்கலையிலிருந்து பத்மநாபபுரம் கோட்டை வரை, மூன்று வாரம் அதே வழி. கிளட்ச் மேலே வரும்போது வண்டி லேசாக நடுங்குமே, அந்த இடத்தை ஒருநாள் என் கால் தானாகவே கண்டுபிடித்தது. அதன்பிறகு மழையிலும் ஓட்டினேன், திங்கள்சந்தை கூட்டத்திலும் ஓட்டினேன்.

ஆய்வாளர்களுக்கு ஒரு வார்த்தை. லைசென்ஸுக்காக உடல்தகுதி பற்றி நாங்களே எழுதித் தரும் படிவம் 1-இல் வலிப்பு, மயக்கம், கண்பார்வை பற்றிக் கேள்வி உண்டு. ஆட்டிசம் என்று தனியாக எதுவும் இல்லை. மற்றவர்களுக்கு ஆபத்து தரக்கூடிய வேறு நோயோ ஊனமோ உண்டா என்று மட்டும் பொதுவாக ஒரு கேள்வி இருக்கிறது. ஆட்டிசம் என்ற பெயரைக் கேட்டதுமே அந்தக் கேள்விக்குள் எங்களைத் தள்ளிவிடாதீர்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் சேர்த்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது; நியாயமான வசதி செய்து தரச் சொல்கிறது. டெஸ்டில் வண்டி கோட்டைத் தொட்டால் தாராளமாக ஃபெயில் போடுங்கள். ஆனால் உங்கள் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னால் அசட்டை என்று நினைக்க வேண்டாம். முகத்தைப் பார்த்தால் எனக்குச் சொல் காதில் ஏறாது.

அடுத்த மாதம் டெஸ்டுக்கு வருகிறேன். முந்தின நாள் மைதானத்தை ஒருமுறை நடந்து பார்க்க விடுங்கள். எந்த வழி, எங்கே திரும்ப வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை வண்டி கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். ‘அந்தப் பக்கம்’ வேண்டாம். இடது என்றால் இடது, வலது என்றால் வலது.

இப்படிக்கு,
தக்கலையிலிருந்து ஒருத்தி