ஆளுக்கு நாலு பாட்டு

அன்பு நண்பா,

கைக்கட்டைப் பிரித்தாயிற்று என்று உன் கடிதத்தில் படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது. விரல்களுக்குப் பயிற்சி வேண்டும் என்று மருத்துவர் சொன்னாராமே. அப்படியானால் கிதாரை வெளியே எடு. என்ன வாசிப்பது என்று நான் சொல்கிறேன்.

டீனேஜ் ஃபேன்கிளப் என்ற ஸ்காட்லாந்து ராக் குழு. முன்பு ஒருமுறை நான் இவர்களைப் பற்றிப் பேச்செடுத்தபோது, "அறுபதுகளின் பாட்டையே திரும்பப் போடுகிறவர்கள்" என்று ஒதுக்கிவிட்டாய். அந்தச் சாயல் இருக்கிறது, மறுக்கவில்லை. 1964-இல் பீட்டில்ஸ் படத்தில் ஜார்ஜ் ஹாரிசன் கையில் 12 தந்தி ரிக்கன்பேக்கர் கிதாரைப் பார்த்துவிட்டுத்தான் பேர்ட்ஸ் குழுவின் ரோஜர் மெக்வின் தானும் ஒன்று வாங்கினார். தந்திகள் ஜோடி ஜோடியாக இருக்கும். கீழ் ஸ்தாயியின் நான்கு ஜோடிகளில் ஒரு தந்தி இன்னொன்றுக்கு மேல் ஸ்தாயி. மற்ற இரண்டு ஜோடிகளில் இரு தந்திக்கும் ஒரே சுரம். மீட்டினால் ஒரே சுரம் பல சின்ன மணிகளாகச் சிதறுவது போலிருக்கும். அந்த மினுமினுப்பும், எழுபதுகளில் மெம்ஃபிஸில் இருந்த பிக் ஸ்டார் குழுவின் ஏக்கமும் இவர்களிடம் கலந்திருக்கின்றன. ஆனால் அடியில் கரகரவென்று இரையும் கிதார் இவர்கள் காலத்தது. 1991-இல் வந்த 'பேண்ட்வேகனெஸ்க்' ஆல்பத்தைக் கேள், புரியும். அந்த ஆண்டின் சிறந்த ஆல்பமாக ஸ்பின் என்ற அமெரிக்க இசைப் பத்திரிகை அதைத்தான் தேர்ந்தெடுத்தது, நிர்வாணா குழுவின் புகழ்பெற்ற 'நெவர்மைண்ட்' ஆல்பம் வந்த அதே ஆண்டில்!

நான் சொல்ல வந்தது வேறு. கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் பெல்ஸ்ஹில்லில் 1989-இல் தொடங்கிய இந்தக் குழுவில் நார்மன் பிளேக், ஜெரார்ட் லவ், ரேமண்ட் மெக்கின்லி என்று மூன்று பேர் பாட்டு எழுதினார்கள். 1997-இல் வந்த 'சாங்ஸ் ஃப்ரம் நார்தர்ன் பிரிட்டன்' ஆல்பத்தில் 12 பாட்டு, ஆளுக்கு நாலு. அடுத்து வந்த ஆல்பங்களிலும் இதே பங்கீடுதான். யார் எழுதினாரோ அவரே முன்னால் நின்று பாடுவார், மற்றவர்கள் பின்னால் ஹார்மனி சேர்ப்பார்கள். தன் பாட்டுக்குக் கொடுக்கும் அதே அக்கறையை அடுத்தவர் பாட்டுக்கும் கொடுப்பது அந்தக் குரல்களில் தெரிகிறது. பல்லவி வரும்போது மூன்றும் ஒன்றாகச் சேரும் அந்த இடத்துக்காகவே ஒரே பாட்டை நான் நாலைந்து முறை போட்டுவிடுகிறேன்.

அதனால்தான் 2018-இல் லவ் விலகியபோது அவ்வளவு வருத்தப்பட்டேன். தொலைதூரச் சுற்றுப்பயணம் பற்றிக் கருத்து ஒத்துவரவில்லை. 2021-இல் அடுத்த ஆல்பம் வந்தது. மீண்டும் 12 பாட்டு, இப்போது ஆளுக்கு ஆறு. முதல் சில நாள் அந்த மூன்றாவது குரலைத்தான் என் காது தேடிக்கொண்டிருந்தது. பிறகு பாட்டுகள் மெல்ல மெல்ல உள்ளே வந்தன. வயதாவதையும் பிரிவையும் இவ்வளவு அமைதியாகப் பாடுகிறவர்கள் குறைவு. இளமையை நடிக்க அவர்கள் முயலவே இல்லை, அது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

பெரிய இசைக் கம்பெனி ஒன்றில் சில காலம் இருந்தார்கள். 2005 முதல் பெமா என்ற சொந்த இசை நிறுவனத்தில் வெளியிடுகிறார்கள். அவசரமில்லாமல், ஐந்தாறு வருடத்துக்கு ஒன்று வந்தாலும் சரி என்று வேலை செய்கிறார்கள்.

சரி, நீ 1997 ஆல்பத்திலிருந்து ஆரம்பி. பெரும்பாலும் எளிய கார்டுகள்தான் (பல தந்திகளைச் சேர்த்து மீட்டும் சுரக்கூட்டுகள்), விரலுக்கு வலிக்காது. யார் பாடுகிறார் என்று பார்க்காமல் கேள். எத்தனையாவது தடவையில் மூன்று குரலும் தனித்தனியாகப் பிடிபடுகின்றன என்று அடுத்த கடிதத்தில் எழுது. அப்புறம், கை வலித்தால் உடனே நிறுத்திவிடு.

அன்புடன்,
உன் பழைய நண்பன்