ஓட்டிப் பார்த்துவிட்டுப் பரிசு கொடுங்கள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் கல்லூரிகளில் வீடியோ கேம் போட்டி நடத்தும் மாணவர் மன்றத்தினருக்கு, வணக்கம்.

உங்கள் போட்டி ஒன்றுக்கு வந்திருந்தேன். 'ட்ரையல்ஸ்' பைக் கேமின் எடிட்டரில் சொந்தமாக டிராக் கட்ட வேண்டும். முதல் பரிசு வாங்கிய டிராக்கில் நம் கோட்டை இருந்தது, அகழி இருந்தது, தீப்பந்தம் எரிந்தது. நடுவர்கள் அதைப் பெரிய திரையில் பார்த்தார்கள். ஒருவரும் ஓட்டவில்லை. எல்லாம் முடிந்தபின் நான் கேட்டு வாங்கி ஓட்டினேன். நாலாவது மேட்டிலிருந்து பைக் பறந்தால், அது இறங்கும் இடம் திரைக்குள்ளேயே வரவில்லை. அங்கே ஒரு குழி. பத்து முறை விழுந்தபின் குழி எங்கே என்று மனப்பாடம் ஆனது, அதன்பின் விழவில்லை. என் ஓட்டம் அதில் துளியும் மேம்படவில்லை. கட்டிய தம்பியை நான் குறை சொல்லமாட்டேன். எதற்குப் பரிசு கிடைக்குமோ அதைத்தானே கட்டுவார்? அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நம் பக்கத்து எருது விடும் விழாவை நினைத்துப் பாருங்கள். காளை தனியாக ஓடும், போட்டி கடிகாரத்தோடு. தெருவில் கிடக்கும் கல்லைப் பொறுக்காமல் யாராவது காளையை அவிழ்ப்பார்களா? ட்ரையல்ஸும் அப்படித்தான். வண்டியை இடம் வலம் திருப்பும் வேலையே கிடையாது. ஆக்ஸிலேட்டர், பிரேக், உடம்பை முன்னே பின்னே சாய்ப்பது, அவ்வளவுதான் ஓட்டுபவர் கையில். மற்றதெல்லாம் டிராக் கட்டியவர் கையில்.

டிராக்கில் நான் முதலில் பார்ப்பது செக்பாயின்ட், அதாவது விழுந்தவர் மறுபடி கிளம்பும் இடம். செங்குத்தான ரேம்ப்பின் அடியிலேயே செக்பாயின்ட் வைத்துவிடுகிறார்கள். கட்டியவர் பின்னாலிருந்து வேகமாக வந்து ஏறிவிடுவார். அவருக்குக் குறை தெரியாது. முதல்முறை ஓட்டுபவர் ரேம்ப்பில் விழுவார். விழுந்தவரைக் கேம் அதே செக்பாயின்ட்டில் நின்ற வண்டியோடு நிறுத்தும். ஓடி வர இடம் இல்லை. எத்தனை முறை முறுக்கினாலும் வண்டி பாதியில் சறுக்கும். 30 நிமிடம் ஆகும்வரை, அல்லது 500 முறை விழும்வரை, கேம் அவரை அங்கேயே வைத்திருக்கும். சோளிங்கர் மலையேறியவர்களுக்கு நான் சொல்வது புரியும். 1,305 படி என்பார்கள். இளைப்பாற மண்டபங்கள் உண்டு. நின்று மூச்சு வாங்கி மறுபடி கால் எடுத்து வைக்க அங்கே சமதளம் இருக்கும். செக்பாயின்ட்டுக்கும் அந்தச் சமதளம் வேண்டும். தடைக்கு முன்னால் எவ்வளவு தூரம் விட வேண்டும் என்பதற்குக் கணக்குத் தேவையில்லை. அந்தச் செக்பாயின்ட்டிலிருந்து மட்டும் கிளம்பி ஏறிப் பார்த்தால் போதும்.

அடுத்தது லேண்டிங். உயரத்திலிருந்து வரும் வண்டி சாய்ந்துதான் வரும். இறங்கும் தரையும் அதே சாய்வில் இருந்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து படிந்து, வேகம் அடுத்த மேட்டுக்குப் போகும். தட்டையான தரை என்றால் வேகம் அங்கேயே செத்துவிடும், அல்லது ஆளே கவிழ்வார். நல்ல டிராக்கில் ஒரு லேண்டிங்தான் அடுத்த ஜம்ப்பின் தொடக்கம்.

இது இன்று பிறந்த கலை அல்ல. நின்டெண்டோவின் 'எக்சைட்பைக்' 1984-லேயே டிராக் கட்டும் வசதியோடு வந்தது. ஏ, பி, சி என்று எழுத்திட்ட தடைகளை வரிசையாக வைக்க வேண்டும். ஜப்பானுக்கு வெளியே வந்த பதிப்பில், கட்டியதைச் சேமிக்க அப்போது வழி இல்லை. நானும் கரண்ட் போகும் முன் எழுத்துகளைக் கணக்கு நோட்டில் குறித்துக்கொள்வேன். அந்தக் கேமில் வேகத்தைக் கூட்டும் டர்போவை அழுத்திக்கொண்டே இருந்தால் எஞ்சின் சூடேறி நின்றுவிடும். தரையில் வரைந்த அம்புக்குறி மேல் ஓட்டினால் சூடு தணியும். அந்த அம்புக்குறியை எங்கே வைப்பது என்று யோசித்து யோசித்துத்தான் டிராக் கட்டக் கற்றேன். பத்துத் தடைக்கு ஒரு நிழல். வேலூர் வெயிலில் நடப்பவர்களுக்கு அது தெரியாதா என்ன?

அலங்காரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கோட்டை மதிலைப் பார்த்ததும் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அகழி ஓரத்து மரம் சக்கரத்தை மறைத்தால், மரத்தை நகர்த்த வேண்டும்.

அடுத்த போட்டியில் மதிப்பெண் போடும் முன், அந்த டிராக்கைப் பார்த்தேயிராத மூன்று பேரை ஓட்டச் சொல்லுங்கள். ஒருவர் புதியவராக இருக்கட்டும். கட்டியவர் பக்கத்தில் நிற்கலாம், வாய் திறக்கக்கூடாது. எங்கே விழுகிறார்கள், ஏன் விழுந்தோம் என்று அவர்களுக்கே தெரிகிறதா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கட்டியவருக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள், திருத்தட்டும். திருத்திய டிராக்குக்கு மதிப்பெண் போடுங்கள்.

ஓட்டிப் பார்க்க ஆள் குறைந்தால் சொல்லி அனுப்புங்கள். குடியாத்தத்திலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
குடியாத்தத்திலிருந்து டிராக் கட்டும் ஓர் அண்ணன்