துண்டுச் சீட்டோடு நின்றுபோன பேச்சு: கல்வி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

கேரளத்தின் எல்லைப் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளிகளைப் பொறுப்பில் வைத்திருக்கும் அதிகாரிகளுக்கு,

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா, வணக்கம்.

புதிய தலைமை ஆசிரியர்களுக்குப் போன மாதம் நீங்கள் நடத்திய தலைமைப் பண்புப் பயிற்சிக்கு என்னையும் அழைத்திருந்தீர்கள். ஓய்வு பெற்றுப் போனவளை நினைவில் வைத்துக் கூப்பிட்டதற்கு நன்றி. ‘ஆசிரியப் பணி கற்றுத் தந்த தலைமைப் பாடங்கள்’ என்பது எனக்குத் தந்த தலைப்பு. அரை மணி நேரம் பேசலாம் என்றார்கள். 10 நிமிடம் ஆகியிருக்கும், மேடைக்கு ஒரு துண்டுச் சீட்டு வந்தது. “காலிப் பணியிட விஷயம் வேண்டாம், ஊக்கம் தருகிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள்” என்று எழுதியிருந்தது. அதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை. நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். விட்ட இடத்திலிருந்து இப்போது எழுதுகிறேன். தலைப்பு நீங்கள் கொடுத்ததுதான், மாற்றவில்லை.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற ஜூனில் பள்ளி திறக்கிற அன்று, தமிழ்வழி வகுப்பில் தமிழ் தெரிந்த ஆசிரியர் நிற்க வேண்டும்.

கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி என்று பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில் எத்தனை வீடுகளில் தமிழ் பேசுகிறார்கள் என்பது உங்கள் அலுவலகத்துக்குத் தெரியும். 1956-ல் மாநிலங்களைப் பிரித்தபோது கோடு எங்கே விழுந்தது, எல்லைக்கு இந்தப் பக்கம் யார் நின்றார்கள் என்பதும் தெரியும். அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. ஒரு வகுப்பறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நான் தலைமை ஆசிரியையான இரண்டாம் வருடம் எங்கள் கணக்கு ஆசிரியர் ஓய்வு பெற்றார். ஜூன் முழுக்க ஆளில்லை. ஜூலைக் கடைசியில் நியமன உத்தரவோடு ஓர் இளைஞர் வந்தார். தெற்குப் பக்கத்து மாவட்டம். கணக்கில் கெட்டிக்காரர், நல்ல மனசு. தமிழ் மட்டும் ஒரு வார்த்தை தெரியாது. பஸ்ஸில் ஊர்ப்பெயர்ப் பலகையைக்கூட அவரால் படிக்க முடியாது. அவர்மேல் எனக்கு அன்றும் குறையில்லை, இன்றும் இல்லை. வேலைக்குக் காத்திருந்தவர், கிடைத்த இடத்துக்கு வந்தார்.

எட்டாம் கிளாசில் பரப்பளவுப் பாடம். அவர் போர்டில் எழுதாமல் வாயால் சொன்னார்: ஒரு சதுரம், நீளம் 8, அகலம் 5, பரப்பளவு என்ன? மலையாளத்தில் சதுரம் என்றால் நம் செவ்வகம். நாம் சதுரம் என்பதை அவர்கள் சமசதுரம் என்பார்கள். 34 பிள்ளைகளும் நோட்டில் நாலு பக்கமும் சமமாக ஒரு கட்டம் போட்டுவிட்டு விழித்தார்கள். ஒரு பையன் எழுந்து, “சதுரத்துக்கு எப்படிங்க சார் நீளம் வேற, அகலம் வேற இருக்கும்?” என்று கேட்டான். அருமையான கேள்வி. கணக்கு ஆசிரியர் ஒருவர் காலமெல்லாம் எதிர்பார்த்திருக்கிற கேள்வி. அவருக்கு அது புரியவில்லை. வகுப்பு சிரித்ததும், பையன் தன்னைக் கேலி செய்கிறான் என்று நினைத்து அவனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார். நான் வராந்தாவில் போனபோது அவன் அழுதுகொண்டு நின்றான். உள்ளே அவர் நாற்காலியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருவர் மேலும் தப்பில்லை. ஒரே சொல்லுக்கு இரண்டு பக்கத்திலும் இரண்டு பொருள் இருந்தது, நடுவில் நின்று சொல்ல ஆளில்லை.

மறுநாள் ஓர் ஆள் கிடைத்தது. இரண்டாவது பெஞ்சில் உட்காருகிற ஒரு பெண் பிள்ளை. அவள் அம்மா வீட்டில் மலையாளம், அப்பா வீட்டில் தமிழ், இரண்டும் அவளுக்குச் சரளம். சார் ஒரு வரி சொல்வார், அவள் எழுந்து நின்று தமிழில் சொல்வாள். பிள்ளைகள் கேட்கிற சந்தேகத்தை மலையாளத்தில் அவருக்குச் சொல்வாள். வகுப்பு நடந்தது. சத்தம் அடங்கியது. சார் முகத்திலும் சிரிப்பு வந்தது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. திங்கட்கிழமை அசெம்பிளியில் அவளை முன்னால் கூப்பிட்டு, தலைமைப் பண்பு என்றால் இதுதான் என்று சொல்லி ஒரு பேனா பரிசு கொடுத்தேன். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

ஓணப் பரீட்சைத் தாளைத் திருத்தினோம். எப்போதும் ஏ பிளஸ் வாங்குகிற பிள்ளை, கணக்கில் சி. அவளைக் கூப்பிட்டு நோட்டைக் கொண்டு வரச் சொன்னேன். பக்கத்துக்குப் பக்கம் தேதி இருந்தது. பாடத்தின் தலைப்பு அழகான கையெழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. ஏனம்மா என்றேன். “நான் சொல்றப்ப எழுத முடியலீங்க டீச்சர்” என்றாள். அதற்குள் அவள் கண் கலங்கிவிட்டது. யோசிப்பதற்கும் அவளுக்கு நேரம் இருந்திருக்காது. சார் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வரியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்ற 33 பேருக்கும் கணக்கைக் கொண்டுபோய்ச் சேர்த்த பிள்ளைக்குக் கணக்கே கிடைக்கவில்லை. அவள் காய்ச்சலில் படுத்த நாலு நாளும் வகுப்பில் பாடமே நடக்கவில்லை.

நீங்கள் கேட்ட தலைமைப் பாடத்தை நான் படித்தது அன்றைக்குத்தான். அசெம்பிளியில் நான் பேனா கொடுத்தது தப்பு. 13 வயதுப் பிள்ளை ஓர் அலுவலகத்தின் குறையைத் தன் தலையில் சுமந்து நிற்கிறாள், நான் அவளுக்குக் கைதட்டல் வாங்கித் தந்துவிட்டு என் அறைக்குப் போய் உட்கார்ந்தேன். அன்று நான் செய்திருக்க வேண்டியது, பையை எடுத்துக்கொண்டு உங்கள் அலுவலகப் படியேறுவது. ஒரு மாதம் தாமதமாகத்தான் ஏறினேன். அதற்குப் பிறகு அந்த வருடம் 11 தடவை ஏறினேன். ஒவ்வொரு தடவையும் மனு வாங்கிக்கொண்டார்கள். மரியாதையாக உட்காரச் சொன்னார்கள், டீ கூட வந்தது. ஆசிரியர் வரவில்லை.

அப்புறம் நாங்களே ஒரு வழி செய்தோம். பொள்ளாச்சிப் பக்கம் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் சனிக்கிழமைகளில் பஸ் ஏறி வந்தார். பஸ் கூலியைப் பெற்றோர் ஆசிரியர் கழகம் கொடுத்தது. தென்னந்தோப்புக் கூலிக்குப் போகிற அம்மாக்கள் பத்தும் இருபதுமாகப் போட்ட பணம் அது. நம் இளைஞரும் சனிக்கிழமை வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து செவ்வகம், சரிவகம், இணைகரம் என்று பிள்ளைகளோடு சேர்ந்து எழுதிக்கொண்டார். கிறிஸ்துமஸ் பரீட்சைக்குள் தமிழில் பாதி வகுப்பு நடத்தும் அளவுக்கு வந்துவிட்டார். அடுத்த வருடம் சொந்த மாவட்டத்துக்கு மாறுதல் கிடைத்துப் போனார். போகிற அன்று அவரும் அழுதார், பிள்ளைகளும் அழுதார்கள். ஜூனில் நாற்காலி மறுபடி காலி.

இதைத்தான் நான் மேடையில் சொல்லிக்கொண்டிருந்தேன். சீட்டு வந்தது.

சரி, ஊக்கம் தருகிற ஒன்றும் என்னிடம் உண்டு. 1992-ல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்களுக்கு ஒரு ஹெச்.எம். இருந்தார். வெள்ளிக்கிழமை ஏதாவது ஒரு வகுப்பில் கடைசி பெஞ்சில் வந்து உட்காருவார். ஸ்டாஃப் ரூமில் எங்கள் பாடத்தைப் பற்றி ஒரு சொல் விமர்சனம் செய்ததில்லை. சாயங்காலம் கிளம்பும்போது மெதுவாகக் கேட்பார்: “அந்த ஜன்னலோரப் பையன் போர்டைப் பார்த்தானா டீச்சர்?” நாங்கள் திங்கட்கிழமை அந்தப் பையனைப் பார்ப்போம். கண்ணில் கோளாறு இருக்கும், இல்லை வீட்டில் சண்டையாக இருக்கும், இல்லை பாடம் அவனுக்கு எட்டாமல் போயிருக்கும். டீச்சரைப் பார்க்காமல் பிள்ளையைப் பார்க்கிற அந்தப் பழக்கம் எனக்கு அவரிடமிருந்து வந்தது. நீங்களும் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் பக்கம் வந்து கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும். அறிக்கை வேண்டாம், போட்டோ வேண்டாம். ஒரு பீரியடு போதும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மலையாளத்தின்மேல் எங்களுக்கு எந்தக் கசப்பும் இல்லை. 2017-ல் பள்ளிகளில் மலையாளப் பாடம் கட்டாயம் என்று வந்தபோது எங்கள் பிள்ளைகள் படிக்கத்தான் செய்தார்கள். இந்த மாநிலத்தில் வாழ்கிறவர்களுக்கு அது வேண்டும். நாங்கள் கேட்பது கணக்கும் அறிவியலும் புரிகிற மொழியில் வர வேண்டும் என்பதை மட்டும்தான். தாய்மொழியில் ஆரம்பக் கல்விக்கு வசதி செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350அ பிரிவு சொல்கிறது. கூடிய மட்டும் தாய்மொழியே பயிற்றுமொழியாக இருக்க வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டமும் சொல்கிறது. இதெல்லாம் உங்கள் மேஜைமேல் இருக்கிற புத்தகங்கள். நான் எடுத்துக் காட்ட வேண்டியிருப்பதே வருத்தமாக இருக்கிறது.

இன்னொரு வருத்தம், ஆறாம் வேலை நாள். ஜூனில் ஆறாம் வேலை நாளில் தலை எண்ணுகிறீர்கள், அந்தக் கணக்கை வைத்துப் பணியிடம் நிர்ணயமாகிறது. கணக்கு சார் இல்லாத பள்ளியில் எந்த அப்பா பிள்ளையை விடுவார்? வசதி உள்ளவர் ஆங்கிலவழிக்கு மாற்றுகிறார், எல்லைக்குப் பக்கத்தில் இருப்பவர் கோபாலபுரம் தாண்டித் தமிழ்நாட்டுப் பள்ளிக்கு அனுப்புகிறார். எண்ணிக்கை குறைகிறது. எண்ணிக்கை குறைந்ததால் டிவிஷன், அதாவது ஒரு வகுப்புப் பிரிவு, போகிறது, டிவிஷன் போனதால் பணியிடம் போகிறது. கடைசியில் ‘தமிழ்வழிக்குத் தேவை இல்லை’ என்று கோப்பில் எழுதுகிறார்கள். ஆசிரியரைத் தராமல் வைத்தது யார் என்பது எந்தக் கோப்பிலும் இல்லை. பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி தமிழ்நாட்டிலிருந்து மணக்கடவில் எங்களுக்கு வர வேண்டிய தண்ணீர் வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. அது குறைந்தால் அளவெடுக்கிறார்கள், கடிதம் எழுதுகிறார்கள், இரண்டு மாநிலமும் உட்கார்ந்து பேசுகின்றன. விவசாயிகள் சாலைக்கு வருகிறார்கள், நியாயம்தான். எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வருடத்தில் எத்தனை கணக்கு வகுப்பு வராமல் போனது என்று யாராவது ஒரு நாள் அளந்தீர்களா?

சுற்றறிக்கை தமிழில் வருவதில்லை, புத்தகம் சில வருடம் மழை பாதி முடிந்த பிறகு வருகிறது, பெற்றோர் கையெழுத்துப் போடுகிற படிவத்தை அவர்களால் படிக்க முடிவதில்லை. வாக்காளர் பட்டியல் வேலைக்கு எங்கள் ஆசிரியர்கள் வீடு வீடாக அலைந்து வந்து பாடம் நடத்துகிறார்கள். இவற்றையெல்லாம் எழுத ஆரம்பித்தால் கோபம்தான் வருகிறது. மன்னிக்க வேண்டும். நான் கேட்க வந்தது ஒன்றுதான், அதற்கே திரும்புகிறேன்.

ஜூனில் பள்ளி திறக்கிற அன்று, தமிழ்வழி வகுப்பில் தமிழ் தெரிந்த ஆசிரியர் வேண்டும். எந்தப் பள்ளியில் யார் மார்ச்சில் ஓய்வு பெறுகிறார் என்பது உங்களுக்கு வருடங்களுக்கு முன்பே தெரியும். ஏப்ரலிலேயே பட்டியல் போடலாம். தமிழ்வழிப் பணியிடத்தைத் தமிழ்வழி என்றே குறித்து அறிவிக்கலாம். நேர்முகத்தில் தமிழ் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து, வருகிறவரைத் தமிழில் ஒரு கணக்கை விளக்கச் சொல்லலாம். 10 நிமிட வேலை. நிரந்தர நியமனம் தாமதமானால், எங்கள் ஊர்களிலேயே படித்து முடித்து வீட்டில் இருக்கிற பிள்ளைகளைத் தற்காலிகமாக வையுங்கள், அவர்கள் சம்பளத்தை மாதாமாதம் கொடுங்கள். ஆசிரியர் இல்லாமல் கிடந்த பள்ளியில் தலை குறைந்தது என்று பணியிடத்தை எடுக்காதீர்கள்.

பள்ளித் தலைமைக்கென்றே 2012-ல் டெல்லியில் தேசிய அளவில் ஒரு மையம் தொடங்கினார்கள். நீங்களும் மண்டபம் எடுத்துப் பயிற்சி நடத்துகிறீர்கள். நல்லது, நடத்த வேண்டும். ஆனால் அந்த மண்டபத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த புதிய தலைமை ஆசிரியர் நோட்டில் குறிப்பு எடுக்கவில்லை, கால அட்டவணை போட்டுக்கொண்டிருந்தார். ஆளில்லாத பீரியடுகளை யார் தலையில் கட்டுவது என்று அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்தார். நான் இருந்த அதே பள்ளி, அதே கணக்கு நாற்காலி. எட்டாம் கிளாசுக்கு நேரே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

பேனா வாங்கிய பிள்ளை எஸ்.எஸ்.எல்.சி. முடித்தாள், கணக்குப் பக்கம் போகவில்லை. வழியில் பார்த்தால் இப்போதும் நின்று பேசுவாள். அவள் தங்கை வருகிற ஜூனில் எட்டாம் கிளாசுக்கு வருகிறாள். அவளுக்கும் இரண்டு மொழியும் தெரியும். அவளை வகுப்பில் எழுப்பி நிறுத்த வேண்டிய நிலை வராமல், நியமன உத்தரவை மே மாதத்துக்குள் அனுப்பும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
எல்லைப் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளியில் 31 வருடம் வேலை பார்த்த ஓர் ஆசிரியை