பழைய காரின் ஒயரை வெட்டாதீர்கள், கழற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய கார்களைப் புதுப்பிப்பது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெயிண்ட், குரோம், சீட் எல்லாவற்றையும் நன்றாகவே எழுதியிருந்தீர்கள். ஆனால் ஒயரிங் என்று வந்ததும் "வெட்டிவிட்டுப் புதுசு போடலாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

என்னிடம் இருப்பது 1967 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, வண்டலூர் பக்கத்துத் தொழிற்சாலையில் செய்த வண்டி. ஹெரால்டில் பானெட்டும் முன்பக்க மட்கார்டுகளும் ஒரே துண்டு, ஹெட்லைட்டும் அதிலேயே இருக்கும். அதனால் பெயிண்டுக்காகப் பானெட்டை இறக்க வேண்டுமானால் விளக்கு ஒயர்களைக் கழற்றியே ஆக வேண்டும். நான் விட்ட ஷெட்டில் கழற்றவில்லை, கட்டிங் பிளேயரால் ஒரே வெட்டு. திரும்ப மாட்டும்போது முனைகளை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது மாதம், ஒரு ராத்திரி விராலிமலை தாண்டி வரும்போது டேஷ்போர்டுக்குக் கீழே புகை. அந்தக் காலத்து பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகள் பெரும்பாலானவற்றில் ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது. டேப் இளகி ஒயர் பாடியில் பட்டால் பேட்டரியின் மொத்த பலமும் அந்த ஒயரில்தான் பாயும். என் மனைவியும் பேரனும் வண்டிக்குள் இருந்தார்கள். நல்லவேளை, டிக்கியில் ஸ்பானர் இருந்தது, பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டேன்.

அதற்கப்புறம் நானே உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். இந்த வண்டிகளில் இருப்பது புல்லட் கனெக்டர். ஒயர் நுனியில் தோட்டா மாதிரி ஒரு சின்ன பித்தளைக் குமிழ், அது போய் உட்காரும் உலோகக் குழல், அதன்மேல் கறுப்பு ரப்பர் உறை. ஐம்பது வருஷத்தில் ரப்பர் கல்லாகிவிடும், உள்ளே பச்சையாகக் களிம்பு ஏறி இரண்டும் ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் வராது. இன்னும் இழுத்தால் குமிழ் உள்ளேயே நின்றுவிடும், ஒயர் மட்டும் கையோடு வரும்.

முதலில் பேட்டரி. 1960களின் நடுப்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ்தான் பாடியோடு சேர்ந்திருக்கும். ஆகவே சிவப்பு, கறுப்பு என்று நிறத்தை நம்பாமல், எந்தக் கேபிள் பாடியில் போல்ட் போட்டிருக்கிறதோ அதை முதலில் கழற்றுங்கள். ஸ்பானர் தவறிப் பாடியில் பட்டாலும் பொறி வராது. சரி, அடுத்து போட்டோ எடுங்கள், ஒவ்வொரு ஒயரிலும் துண்டு டேப் ஒட்டி எண் போடுங்கள். நிறம் மங்கியிருந்தால் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள், கோடு தெரியும். நீலத்தில் வெள்ளைக் கோடு ஹை பீம், நீலத்தில் சிவப்புக் கோடு லோ பீம். முழுப் பழுப்பு ஒயர் பேட்டரியிலிருந்து நேராக வருவது, சாவியை எடுத்தாலும் அதில் கரண்ட் இருக்கும்.

அப்புறம் ஹேர் டிரையரை இரண்டு மூன்று நிமிஷம் காட்டினால் ரப்பர் கொஞ்சம் இளகும். உறையைப் பின்னுக்குத் தள்ளி, குமிழின் கழுத்தை நோஸ் பிளேயரால் பிடித்து, இழுக்காமல் இப்படியும் அப்படியும் திருப்புங்கள். "கிறீச்" என்று ஒரு சத்தம் வரும், களிம்பு விட்டுக்கொடுக்கும் சத்தம் அது, அதன் பிறகு மெதுவாக வெளியே வந்துவிடும். அதற்கும் மசியாவிட்டால் பிளேடால் ரப்பரை நீளவாக்கில் கீறி, உள்ளே இருக்கும் குழலைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறந்துவிடுங்கள். குழல் போனால் போகட்டும், அதை மாற்றிக்கொள்ளலாம், ஒயர் தப்பிக்கிறது. ஒவ்வொரு முறை வெட்டும்போதும் ஒயர் ஒரு அங்குலம் குறைகிறது என்பதை ஷெட்டில் யாரும் யோசிப்பதே இல்லை.

மாட்டும்போது குமிழை நைஸ் எமரித் தாளால் பளிச்சென்று தேய்த்து, துளி வாசலின் தடவி, புதுக் குழலில் அழுத்துங்கள். 45 வாட் பல்பு இரண்டுக்கும் ஒரே ஜாயிண்ட் வழியாக ஏழரை ஆம்பியர் போகிறது என்று வையுங்கள், களிம்பு பிடித்த இடத்தில் ஒரு வோல்ட் குறைந்தாலும் ஏழு வாட் சூடு அந்தச் சுண்டுவிரல் அளவு ரப்பருக்குள்ளேயே தங்கும். "பழைய வண்டி, வெளிச்சம் இவ்வளவுதான் வரும்" என்று பலர் சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். என் வண்டியில் பதினான்கு ஜாயிண்டைத் தேய்த்த பிறகு அதே பழைய பல்பில் ரோடு நன்றாகத் தெரிகிறது.

மேலுறை வெடித்துச் செம்பு தெரிகிற ஒயரை மாற்றத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நல்ல ஒயரை, கழற்றப் பொறுமை இல்லை என்பதற்காக வெட்டுவது அநியாயம். வண்டியை டிங்கரிங்கிற்கு விடும் வாசகர்கள் பானெட் இறக்கும் அன்றைக்கு ஒரு மணி நேரம் பக்கத்தில் நின்று கழற்றச் சொல்லுங்கள். அடுத்த கட்டுரையில் ஒயரிங்கிற்கு அரைப் பக்கமாவது ஒதுக்க வேண்டும் என்று உங்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஹெரால்டு வைத்திருக்கும் வாசகர்,
திருச்சி